அப்பா தோற்ற மூன்றாவது ரவுண்ட்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ஊட்டி செஸ் டோர்னமெண்டில் ஆடினேன். எத்தனை பாயிண்ட் என்று கேட்காதே. மூன்றாவது ரவுண்டை மட்டும் சொல்கிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய்.

எதிரில் மங்கி குல்லா போட்ட ஒரு பொடியன். பத்து வயதிருக்கும். பலகை எட்டவில்லை என்று நாற்காலியில் மண்டியிட்டிருந்தான். அந்தக் குளிரில் காய்களே ஐஸ் மாதிரி இருந்தன. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டான்.

எனக்குக் கறுப்பு. கறுப்புக்கு நீ சொல்லிக்கொடுத்த தொடக்க ஆட்டம், பிரெஞ்சு டிஃபென்ஸ்தான். 2024இல் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியில் சீனாவின் டிங் லிரேன் நம் குகேஷை முதல் ஆட்டத்திலேயே சாய்த்தது அதில்தானே. (பட்டம் கடைசியில் நம் பிள்ளைக்குத்தான், அது வேறு கதை.) 1834இல் பாரிஸும் லண்டனும் தபாலிலேயே ஆடிய ஆட்டத்தில் வந்த பெயராம் அது. அவர்கள் நாள் கணக்கில் யோசித்திருப்பார்கள். எனக்கு 15 நிமிஷம்.

அதில் எனக்குப் பிடிக்காதது ராணிப் பக்கத்து பிஷப். இ6 கட்டத்தில் நம் சிப்பாயே வழியை மறிக்க, அது தன் சொந்த இடமான சி8இல் போர்த்திக்கொண்டு கிடக்கும். பொடியன் சிப்பாயை இ5க்குத் தள்ளினான். நான் சி5க்கு ஒரு சிப்பாய், அப்புறம் குதிரை, அப்புறம் ராணியை பி6இல் நிறுத்தி டி4 சிப்பாயை முறைத்தேன். அவன் பிஷப்பை டி3இல் வைத்தான். டி4இல் சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டிக்கொண்டோம். மிச்சம் நின்ற அவன் சிப்பாய் ஓசியில் கிடைப்பதுபோல் தெரிந்தது. குதிரையால் எடுத்தேன். அவன் குதிரையால் என் குதிரையை எடுத்தான். அதை ராணியால் எடுத்தேன். ஒரு சிப்பாய் லாபம்!

பையன் குல்லாவை மேலே தள்ளிவிட்டு, பிஷப்பை பி5க்கு நகர்த்தி, "செக்" என்றான். பிஷப் விலகிய வழியில் டி1இலிருந்து அவன் ராணி என் ராணியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் செக்கைச் சமாளிக்க வேண்டும், அதற்குள் ராணி போய்விடும். கடிகாரத்தில் இன்னும் 12 நிமிஷம். கை கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பஸ் கேத்தி தாண்டும்போதுதான் உறைத்தது. சிப்பாயைத் தொடுவதற்கு முன் அந்தத் தூங்குமூஞ்சி பிஷப்பை ஒரே கட்டம், டி7க்கு நகர்த்தியிருந்தால் அந்த செக்கே கிடையாது. நீயும் அன்றைக்கே சொன்னாய்.

குன்னூர் வந்ததிலிருந்து பலகை சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது. தட்டு வைக்க இடமில்லை என்று அம்மா முனகுகிறாள். இந்த முறை பிஷப்பை டி7க்கு எடுத்துவிட்டேன், வெள்ளையும் ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கிக் கோட்டை கட்டிவிட்டது. இப்போது அந்த டி4 சிப்பாயை எடுக்கலாமா? பதில் எழுது. பார்சலில் இருக்கும் வர்க்கி அம்மா அனுப்பியது.

அப்பா