கூடூ மான் கொம்பும் தோலும் பாழ்: உங்கள் விமானச் சரக்குச் சேவை மீது புகார்

மேலாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க்கிலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு வந்த வேட்டைப் பொருள்களின் சேதம், தாமதம், அதிகமாக வாங்கிய கட்டணம்

வணக்கம்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து செய்து அலுத்துவிட்டது. மின்னஞ்சல் அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் பதில் எழுதி, முதலிலிருந்து கதை கேட்கிறார். நேரில் வந்தால் என் கோப்பைப் பார்க்கிறவர் லீவு. ஆகவே இனி எல்லாம் எழுத்தில். சிராங்கூன் சாலையில் தமிழில் பலகை மாட்டித்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மேலாளர் நீங்களே இதைப் படிக்க வேண்டும். தயவுசெய்து மறுபடியும் கவுன்டருக்கே தள்ளிவிடாதீர்கள்.

சரக்குச் சீட்டு எண் உங்களிடம் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தவையும் தெரியும்: கொம்போடு கூடூ மான் மண்டையோடு, அதன் தலையும் கழுத்தும் சேர்ந்த தோல், ஒரு இம்பாலா மானின் தோல், ஒரு வார்ட்ஹாக் பன்றியின் கோரைப்பற்கள். டர்பனில் இருக்கும் என் மச்சான் ஏற்பாட்டில், க்வாசுலு-நட்டாலில் ஒரு தனியார் பண்ணையில், பதிவுபெற்ற வழிகாட்டி பக்கத்தில் நிற்க, முறைப்படி அனுமதி வாங்கி வேட்டையாடியது. வேட்டை சரியா தப்பா என்று உங்கள் ஆட்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதை என் மனைவி வீட்டில் போதுமான அளவு எடுத்துவிட்டாள்.

முதலில் அந்த சாங்கி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. "பெட்டி வந்துவிட்டது, காலையில் போய் எடுத்துக்கொள்ளுங்கள், பேப்பர் எல்லாம் சரி" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வாசல் வரை கொண்டுவர முன்பணம் கட்டியிருக்கிறேனே என்று கேட்டால், அந்த வாரம் உங்களிடம் வண்டி இல்லையாம். சரி, அவசரத்துக்கு நாமே போவோம் என்று வேலைக்கு விடுப்புச் சொல்லி, கூரையில்லாத லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவா சூ காங்கிலிருந்து தீவின் அந்தக் கோடியில் இருக்கும் விமானச் சரக்கு நிலையத்துக்குப் போனேன். நல்ல மழை. வாயிலில் அனுமதிச் சீட்டுக்கு வரிசை, உள்ளே போனால் இன்னொரு வரிசை. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உறையைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "கால்நடைச் சான்றிதழின் அசல் எங்கே?" என்றார். உறைக்குள் நகல்கூட இல்லை.

அசல் எங்கே இருந்தது தெரியுமா? பெட்டிக்குள். உங்கள் ஜோகானஸ்பர்க் ஆட்கள் அதை மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஆணி அடித்து மூடிவிட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் பெட்டியை விடமாட்டார்கள், விடாமல் பெட்டியைத் திறக்க முடியாது. குளம்பு பிளந்த மிருகங்களின் தோலும் கொம்பும் வருகிறதென்றால் அந்தத் தாள்தான் உயிர். க்வாசுலு-நட்டாலில் 2021-லிருந்து கோமாரி நோய் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. எந்த நாட்டு அதிகாரியும் அதைத்தான் முதலில் கேட்பார். இது எனக்குத் தெரிகிறது, இதையே தொழிலாகச் செய்கிற உங்களுக்குத் தெரியாதா?

அங்கிருந்தே, நனைந்த சட்டையோடு உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை, கேட்டும் சொல்லவில்லை. நான் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "செத்த மானுக்கு என்ன சார் அவசரம்? அது எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று அறிவிப்பு ஓடுகிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நான் மிகைப்படுத்தவில்லை என்பது புரியும்.

அந்த அசல் வெளியே வந்து வேலை நடக்கும்வரை பெட்டி கிடங்கில் கிடந்ததற்கான வாடகையையும் என் தலையில்தான் கட்டினீர்கள்.

அதற்கு முன்பே பன்றிப் பல் கூத்து ஒன்று நடந்தது. பட்டியலில் கோரைப்பல் என்று பார்த்ததும் உங்கள் ஆவணப் பிரிவு அதை யானைத் தந்தம் என்றே முடிவுகட்டி, சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்த விற்பனைக்குத் தடை என்று எனக்கு நீளமாக ஒரு கடிதம் அனுப்பியது. தடை இருப்பது எனக்கும் தெரியும், நல்ல தடைதான். ஆனால் வார்ட்ஹாக் யானை இல்லை. அப்புறம், கூடூ மானுக்கு சைட்டீஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்பாடு) ஏற்றுமதி அனுமதி கொண்டு வா என்றார்கள். அந்த உடன்பாட்டின் பட்டியலில் கூடூவும் இல்லை, வார்ட்ஹாக்கும் இல்லை, இம்பாலாவும் இல்லை. இல்லாத அனுமதியை யாரிடம் போய் வாங்குவது? மச்சான் அங்கே நாயாக அலைந்து, "இதற்கு அனுமதி தேவையில்லை" என்று எழுதி வாங்கிவர வேண்டியதாயிற்று. சந்தேகம் இருந்தால் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்டிருக்கலாமே, ஒரு மின்னஞ்சல் போதும்.

இப்போது சேதம். இதை நிதானமாகப் படியுங்கள்.

தோலை உப்பிட்டு, நன்றாக உலர்த்தி, பூச்சிமருந்தில் நனைத்து எடுத்து, மறுபடி உலர்த்தி, காற்றுப்போகும்படி சாக்குத்துணியிலோ அட்டையிலோ மடித்து வைக்க வேண்டும். இது வேட்டைக்குப் போகிறவன் எவனுக்கும் தெரியும். உங்கள் ஆட்கள் பாதி ஈரமான தோலைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு டேப் ஒட்டியிருந்தார்கள். பையைக் கிழித்ததும் அடித்த நாற்றம் எங்கள் மாடி முழுவதும் பரவியது. காதுக்குப் பின்னால் கையை வைத்தேன், முடி கொத்தாகக் கையோடு வந்தது. கழுத்துப் பிடரி மயிர் போயிற்று. முகத்தில் கண்களுக்கு இடையே ஓடும் அந்த வெள்ளைக் கோடு, கூடூவுக்கு அழகே அதுதான், அங்கே இப்போது வெறும் சாம்பல் நிறத் தோல். பதப்படுத்துகிறவரிடம் படம் அனுப்பிக் காட்டினேன். முடி கழன்ற தோலை மாட்டுவதற்கு வழியே இல்லை என்றுவிட்டார்.

மண்டையோட்டைப் பெட்டியின் அடிப்பலகையில் திருகி இறுக்கியிருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அது இஷ்டத்துக்கு உருண்டிருக்கிறது. மூக்கெலும்பு இரண்டும் உடைந்து தூளாக அடியில் கிடந்தன. இடது கொம்பின் நுனி பலகையில் உரசி உரசி வெளுத்து, விளிம்பு பிளந்திருக்கிறது. பெட்டியின் மரத்தில் மட்டும், பூச்சி போகச் சூடுபடுத்திய மரத்துக்கு அடிக்கும் அந்தக் கோதுமைக்கதிர் முத்திரை பளிச்சென்று இருந்தது. மரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடுபடுத்தியவர்கள், அந்த அக்கறையில் பாதியைத் தோலை உலர்த்துவதில் காட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

அப்படிப்பட்ட கொம்பு இந்த ஜென்மத்தில் எனக்கு இன்னொன்று கிடைக்காது. ஐம்பதாயிரம் வெள்ளி கொடுத்தாலும் ஈடாகாது. என் ஓய்வுக்காலக் கனவையே உடைத்துவிட்டீர்கள்.

கட்டணத்துக்கு வருகிறேன். முதலில் நீங்கள் சொன்னது சுமார் 60 கிலோவுக்கான கட்டணம். பில்லில் வந்தது 156 கிலோ. தராசில் பெட்டியின் எடை 52 கிலோதான். கேட்டால் கனஅளவு எடையாம், அதாவது பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிப் போடும் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்: 130 சென்டிமீட்டர் நீளம், 90 அகலம், 80 உயரம், பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 156. ஆனால் அவ்வளவு பெரிய பெட்டியை யார் செய்யச் சொன்னது? கூடூ கொம்பு எலும்புக் குருத்தின் மேல் உறையாக இருப்பதுதானே. வேகவைத்துச் சுத்தம் செய்யும்போது கழற்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்கவைத்திருந்தால் 110, 60, 50 அளவுப் பெட்டி தாராளம். அப்போது கனஅளவு எடை 55 கிலோ. நீங்கள் காற்றை அடைத்து அனுப்பி, அந்தக் காற்றுக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள். அந்தக் கட்டணத்தின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வேறு.

இதில் இன்னொரு அநியாயம். நஷ்டஈடு என்று பேச்செடுத்ததும், விமானப் போக்குவரத்துக்கான மான்ட்ரியல் உடன்பாட்டின்படி கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்புரிமைதான் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அதிகபட்சம், அதுவும் பெட்டியின் உண்மையான எடைக்குத்தான் என்று உங்கள் அதிகாரி ஒருவர் சட்டம் பேசினார். ஆக, என்னிடம் வாங்கும்போது 156 கிலோ, எனக்குக் கொடுக்கும்போது 52 கிலோ! மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் அந்த வரம்பு பொருந்தாது என்பதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை? நான் கேட்காமல் விட்டேனாம். விமானச் சரக்கு உங்கள் தொழிலா, என் தொழிலா?

உங்கள் வாசல் வரை சேவையின் முடிவு இது: கடைசியில் வண்டி அனுப்பினீர்கள். பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை என்று ஓட்டுநர் அதை புளோக்கின் கீழ்த்தளத்தில், தபால்பெட்டிகளுக்கு முன்னால் இறக்கிவைத்துவிட்டு நடையைக் கட்டினார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனும் அவர் மகனும் வந்திருக்காவிட்டால் அது இன்னும் அங்கேதான் இருக்கும். படிக்கட்டில் தூக்கி வந்த பெட்டி இப்போது தாழ்வாரத்தில். தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட வேண்டும், விடவில்லை என்று நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அபராதம் வந்தால் பில்லை உங்களுக்கே அனுப்புவேன்.

சேதத்தைப் பற்றி எழுத்தில் கொடுக்க வேண்டாம், "படிவம் அனுப்புகிறோம், காத்திருங்கள்" என்று உங்கள் ஆள் சொன்னார். சரக்கு கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று உங்கள் அதிகாரி சொன்ன அதே உடன்பாட்டில்தான் இருக்கிறது. காத்திருக்கச் சொன்னது எதற்கு என்று இப்போது புரிகிறது. இந்தக் கடிதம்தான் என் புகார். அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன். படங்களும் பில்களும் இணைப்பில்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்களோடு சுமுகமாகப் பேசி முடிக்கவே விரும்புகிறேன். 156 கிலோவுக்கும் 55 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தையும், கிடங்கு வாடகையையும், அந்த மழைநாள் லாரி வாடகையையும் திருப்பித் தாருங்கள். தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நியாயமான நஷ்டஈடு சொல்லுங்கள். அந்தப் பெயர் சொல்லாத ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதக் கடைசிக்குள் மேலாளரின் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன், அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், நான் முழு 20,000-ஐயும் கேட்பேன்.

சேதத்தைப் பார்க்க சர்வேயரை அனுப்புவதானால் இந்த வாரமே அனுப்புங்கள். தோலை இதற்கு மேல் வீட்டில் வைத்திருக்க முடியாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு நான் இருப்பேன். யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், போனில் பேசிய அந்த ஆள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
சுவா சூ காங் வாடிக்கையாளர்