‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போட்டுவிட்டு அரை கப் தேனா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். வீட்டிலேயே செய்யக்கூடிய ஆரோக்கியமான தின்பண்டம், பானம், சாப்பாடு என்று தொடர்ந்து குறிப்புகள் போடுகிறீர்கள், நல்ல காரியம். ஆனால் கொஞ்ச நாளாகவே ஒரு பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே தேவையான பொருள்களில் ‘தேன் – அரை கப்’!

அரை கப் தேன் என்றால் சுமார் 170 கிராம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், ஆக 140 கிராம் பக்கம் வருகிறது. ஓட்ஸும் வேர்க்கடலையும் சேர்த்துத் தட்டில் பரப்பி வேகவைக்கும் அந்தப் பண்டத்தைப் பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு மூன்றரை டீஸ்பூன் சர்க்கரை. இரண்டு துண்டு தின்றவர், ‘ஆரோக்கியமானதுதானே’ என்று மூன்றாவதையும் எடுப்பார், அந்தத் தலைப்பே அவரை எடுக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேன், பாகு, பழச்சாறு இவற்றில் இருக்கும் சர்க்கரையையும் சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு இந்த வகைச் சர்க்கரை எல்லாம் சேர்த்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது அதன் கணக்கு. உங்கள் குறிப்பின் இரண்டு துண்டே 25 கிராமைத் தாண்டிவிடுகிறது.

தேன் கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுகிறவர்கள் அதைச் சர்க்கரை என்று தெரிந்தே போடட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இதைவிட என்னைப் பதற வைத்தது, குழந்தைகளுக்கான பழக்கூழ் என்று வந்த குறிப்பு. ஒரு ஸ்பூன் தேன் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள், எந்த வயதுக் குழந்தைக்கு என்ற பேச்சே இல்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் பாக்டீரியா வித்துகள் அந்தப் பச்சைக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கக்கூடும், போட்டுலிசம் என்று பெயர், தசைகள் துவண்டு மூச்சுவிடவே திணறும் நிலை வரைக்கும் போகலாம். அடுப்பில் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாகாது. இதற்கு ஒரு வரி போட இடமில்லையா? சின்னப் பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போடச் சொல்லும் குறிப்புகளுக்கும் இதே கேள்விதான், தொண்டையில் சிக்கும் என்று யாராவது எழுத வேண்டாமா.

பழச்சாறு விஷயமும் அப்படித்தான். மூன்று நான்கு ஆரஞ்சைப் பிழிந்து ஒரு டம்ளர் ஆக்கி ஒரே மடக்கில் குடித்துவிடலாம், அதே பழங்களை உரித்துத் தின்ன உட்கார்ந்தால் இரண்டாவதிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். நார்ச்சத்தை வடிகட்டியில் விட்டுவிட்டு மிச்சத்தைக் குடிப்பதற்கு ஏன் இத்தனை குறிப்புகள் என்று புரியவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, எலுமிச்சைத் துண்டும் புதினாவும் போட்டு வைத்தால் மணமாகவும் இருக்கும். தயிரில் நிறையத் தண்ணீர் விட்டுக் கடைந்து சீரகப்பொடி தூவினால் அதுவும் ஒரு பானம்தான், சர்க்கரைக்கு வேலையே இல்லை.

எளிமை என்கிறீர்களே, அதையும் பேசிவிடுகிறேன். பதினைந்து பொருள், அதில் பாதி எந்தச் சமையலறையிலும் இருக்காதது, இது எப்படி எளிமை ஆகும்? கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்துக் காலையில் வேகவைத்தால் ஒரு வேளைக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் பங்கு பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடலாம். வெங்காயம், தக்காளி, கொஞ்சம் எண்ணெய், எலுமிச்சை பிழிந்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை, பயறு வகைகளில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த வேலை கெடும், ஒரு மணி நேரம் பொறுக்கலாம். இந்த மாதிரி ‘ஏன்’ என்பதை ஒரு வரி எழுதினால் குறிப்பு மறந்தாலும் விஷயம் நினைவில் நிற்கும். முட்டையை வேகவைப்பது, வேர்க்கடலையை வெறும் வாணலியில் வறுப்பது, தயிரில் பழம் நறுக்கிப் போடுவது, இதெல்லாம் குறிப்பா என்று உங்கள் ஆட்கள் நினைக்கலாம். பசியோடு வீட்டுக்குள் நுழைகிறவருக்கு இதுதான் வேண்டும்.

ஆனால் எளிமை என்ற பெயரில் சுருக்கக் கூடாத இடமும் உண்டு. சிவப்பு ராஜ்மாவை மெதுவாகச் சூடேறும் மின்பாத்திரத்தில் அப்படியே போட்டுவிடலாம் என்று எழுதாதீர்கள். வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும், குறைந்த சூட்டில் அது அழியாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைக்க வேண்டும். முளைகட்டிய பயறையும் பச்சையாகத் தின்னச் சொல்வதைவிட ஆவியில் வேகவைக்கச் சொல்லுங்கள், முளை வரவைக்கும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அந்த ‘உப்பு – தேவையான அளவு’. யாருடைய தேவை? ஒரு நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், ரொட்டி, சாஸ் என்று மற்றவற்றில் வருவதும் இதில் அடக்கம். கால் டீஸ்பூன், அரை டீஸ்பூன் என்று அளவு போட்டுவிட்டால் குறைக்க நினைக்கிறவர் எதிலிருந்து குறைப்பது என்றாவது தெரிந்துகொள்வார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குறிப்பின் கீழும் எத்தனை பேருக்கு, ஒருவர் பங்கில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, செய்தது எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும் என்று இரண்டு வரி. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். இடம் இல்லை என்றால் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் அந்தப் புகைப்படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பின் வாசகி