நட்சத்திரக் குறி இட்ட எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், புதுச்சேரி ரத்தப் பரிசோதனை நிலையங்கள் அறுபதைக் கடந்த ஆண்களுக்கான முழு உடல் பரிசோதனையில் பி.எஸ்.ஏ.வையும் சேர்த்துவிடுகின்றன. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதத்தின் அளவு அது; கூடினால் அங்கே புற்றுநோய் இருக்குமோ என்ற ஐயம் எழும். பரிசோதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதையும் விசாரிக்காமல் ரத்தம் எடுப்பதில்தான் ஆட்சேபம்.

சென்ற ஆண்டு எனக்கு 6.8 என்று வந்தது. 4 வரை இயல்பு என அச்சிட்டிருந்த தாளில், தடித்த எழுத்தில் என் எண். பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறி. நகரப் பேருந்து மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள் என் மனைவி அந்தத் தாளை மூன்று முறை பிரித்து மடித்துவிட்டார். முந்தைய வாரம்தான் எனக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. தொற்று இருந்தால் இந்த அளவு ஏறும் என்பதும், அது தணிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்ப்பதே முறை என்பதும் யூராலஜி மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்படிப் பார்த்தபோதும் 7.1, மூன்று மாதம் கழித்து 6.9. அளவு இறங்காவிட்டால் அடுத்தது பயாப்சிதான், அதாவது சுரப்பியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிப்பதுதான் என்று நினைத்திருந்தேன். மருத்துவர் அவசரப்படவில்லை. 4க்கும் 10க்கும் இடைப்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே பயாப்சியில் புற்றுநோய் தெரியவருகிறது என்றும், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வயதினால் வரும் வீக்கமோ அழற்சியோதான் காரணம் என்றும் விளக்கி, ஃப்ரீ பி.எஸ்.ஏ. விகிதம், அதாவது மொத்த பி.எஸ்.ஏ.வில் வேறு புரதங்களோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனித்திருக்கும் பங்கு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். அது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஐயம் குறையும், 10க்குக் கீழே போனால் கூடும். எனக்கோ 14, அதாவது இரண்டுங்கெட்டான். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சுரப்பி 62 மில்லி இருந்தது. 6.9ஐ 62ஆல் வகுத்தால் 0.11, 0.15க்குக் கீழே என்பது ஆறுதலான எண். சுரப்பி பருத்திருந்தால் அளவும் கூடத்தானே செய்யும்? படத்தில் ஐயத்துக்கிடமான புள்ளி எதுவும் இல்லாததால், பயாப்சி இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

என் கவலை நட்சத்திரக் குறி விழாதவர்களைப் பற்றியதுதான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர் ஒருவர், அதே நிலையத்தில் வந்த 3.6ஐக் காட்டி மகிழ்ந்தார். சிறுநீர் தாராளமாகப் போக அவர் இரண்டு ஆண்டுகளாக டியூட்டாஸ்டெரைடு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அந்த மாத்திரை ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். ஆகவே அவருடைய எண்ணை 7.2 என்றே படித்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துத்தான் அவருக்குப் புற்றுநோய் இருப்பது எம்.ஆர்.ஐ.யிலும், பின்னர் பயாப்சியிலும் தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

அண்மையில் சிறுநீர்த் தொற்று இருந்ததா, அளவை ஏற்றக்கூடிய சிறுநீர் வடிகுழாய் போட்டார்களா, புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்னும் மூன்று கேள்விகளைப் பரிசோதனைப் படிவத்தில் தமிழில் அச்சிட்டு, பதில்களை முடிவுத்தாளிலும் குறித்துத் தருமாறு இரு ஊர்களின் சுகாதாரத் துறையினரும் பரிசோதனை நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.