கொலுசு மாடலைக் காப்பது எந்தச் சட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, எங்கள் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் நாலு பேர் கூடினால் அந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. 'நமக்கும் அது இருந்தால் நம்ம மாடலை எவனும் காப்பியடிக்க முடியாது' என்கிறார்கள். அதை நம்பி இருந்தால் ஏமாந்துபோவோம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தமானது. வேறு எங்கோ செய்த சரக்கைச் சேலத்துச் சரக்கு என்று சொல்லி விற்பதைத் தடுக்கும். உற்பத்தியாளர்கள்கூட அதற்கான பதிவேட்டில் தங்கள் பெயரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் பட்டறையில் போட்ட மாடலை அடுத்த தெருக்காரர் எடுத்துச் செய்தால் அது எனக்குத் துணை வராது. அவரும் சேலத்துக்காரர்தானே!

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், மாவிலையும் சலங்கையும் மாறி மாறி வரும்படி ஒரு மாடல் போட்டார். இலையின் நடுநரம்பு எடுப்பாகத் தெரிய வேண்டும், ஆனால் புடவையில் மாட்டக் கூடாது. நரம்பைத் தூக்கினால் நூலைப் பிடிக்கிறது, தாழ்த்தினால் மெருகு போட்டதும் காணாமல் போகிறது. அச்சு வெட்டுபவரிடம் திரும்பத் திரும்ப நடந்து அதைச் சரிசெய்தார். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் சாம்பிள் ஜோடி வாங்கிப் போனார். ஆர்டர் வரவில்லை. தீபாவளி சமயத்தில் அதே இலை, அதே நரம்பு, டச், அதாவது சுத்தம், குறைந்த வெள்ளியில், எடையும் குறைத்து, விலை மலிவாகக் கடைகளில் வந்து நின்றது. அண்ணன் வீட்டு அக்கா இரண்டு கொலுசையும் அருகருகே வைத்து என்னிடம் காட்டினார். நகலின் நரம்பு அவர் முந்தானை நூலை இழுத்தது. உழைப்பைத் திருடியவர்களுக்கு அந்த நுணுக்கம் மட்டும் வரவில்லை.

இந்த மாதிரித் திருட்டுக்கென்றே இருக்கிறது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். கண்ணுக்குத் தெரியும் உருவம், கோலம், அலங்காரம் ஆகியவற்றை அது காக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகள். நகலெடுத்தவர் மீது தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாம். ஒரே ஒரு நிபந்தனைதான் எங்கள் தொழிலுக்கு உதைக்கிறது: விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அந்த மாடல் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. நாங்களோ மாடல் சூடு ஆறுவதற்குள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லாக் கடைகளுக்கும் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம். முதலில் விண்ணப்பம், பிறகு சாம்பிள் என்ற வரிசை வர வேண்டும்.

'நோட்டில் வரைந்து தேதி போட்டு வைத்திருக்கிறேன், அது போதும்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை தானாகவே வருகிறது என்பதும், வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை யாராவது உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும். வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவமைப்பிலுள்ள பதிப்புரிமை அத்தோடு முடிந்தது. கொலுசில் 50 என்றால் 25 ஜோடி. எங்கள் பட்டறையில் ஒரு சின்ன ஆர்டர்கூட அதைவிடப் பெரிது.

வர்த்தக முத்திரை வேறு. கொக்கியில் அடிக்கும் சீல் இருக்கிறதே, அதற்கு உரியது அது. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் பேரன் காலம்வரை நிற்கும். சீலைக் காப்பாற்றுமே தவிர மாடலைக் காப்பாற்றாது. காப்புரிமை, அதாவது பேடன்ட், புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டுகள். வெள்ளித் துண்டுகளைச் சேர்த்துப் பத்தவைக்கிற வேலையைச் சுலபமாக்கும் புது இயந்திரத்தை யாராவது உருவாக்கினால் அவர் அந்த வழியில் போகலாம். மெருகுப் பக்குவம் போன்ற வீட்டு ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. வேலைக்கு வருபவரிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிய கவலை. என் மாமியாரின் கல்யாணக் கொலுசு மாதிரி பழைய மாடல்கள் யாருக்கும் தனிச் சொத்து அல்ல, அப்படியே இருக்க வேண்டும். பணம் படைத்த எவராவது அவற்றைத் 'தன் புது வடிவமைப்பு' என்று பதிந்துவிட்டு, காலங்காலமாகச் செய்தவர்களுக்கே நோட்டீஸ் அனுப்பினால்? அந்தப் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் 1953-ல் மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டிய பிறகு 1997-ல் அது ரத்தானது. எல்லா வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம், அச்சில் இருந்ததால் ஜெயித்தது. எங்கள் பழைய கொலுசுகள் அச்சில் எங்கே இருக்கின்றன? பெரியவர்களின் பெட்டிக்குள்ளும் அடகுக்கடைப் பூட்டுக்குள்ளும் கிடக்கின்றன. சங்கங்கள் ஒன்றுகூடி அவற்றைப் படம் எடுத்து, பெயரும் தேதியும் போட்டு ஒரு புத்தகமாக வெளியிட வேண்டும்.

விண்ணப்பமோ ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் போட வேண்டியிருக்கிறது. பட்டறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பவர் அதை எப்படித் தனியாக நிரப்புவார்? மாவட்டத் தொழில் மையம் சிவதாபுரத்துக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் நேரில் வந்து, தமிழில் விளக்கி, அங்கேயே விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் முகாம் நடத்த வேண்டும். பகலில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், அடுப்பு அணைந்த பிறகு மாலையில் வையுங்கள். பெண்களையும் கூப்பிடுங்கள், பல பட்டறைகளில் மாடல் யோசிப்பதே அவர்கள்தான். ஆடி பிறந்தால் தீபாவளி சாம்பிள்கள் கடைகளுக்குக் கிளம்பிவிடும். முகாம் அதற்கு முன்பே நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை நடத்தும் வாசகி,
சிவதாபுரம், சேலம்.