எங்கேயும் இல்லை என்று சொன்ன இரவு

அன்பு மகளே,

போன வாரமே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஆறு பக்கத்தில் ஐந்து பக்கம் வாதம். கடவுள் இல்லை என்பதற்கு நாற்பது வருடமாக நான் சொல்லிவரும் அதே காரணங்கள், குரல் மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது.

அம்மா போன மூன்றாம் நாள் இரவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதைத் தொடாமலே நாம் இருவரும் எட்டு மாதம் ஓட்டிவிட்டோம். மாத்திரை போட்டீங்களா, போட்டேன், உனக்கு வேலை எப்படி, பரவாயில்லை, சரி வைக்கிறேன். இவ்வளவுதான் நம் போன்.

அன்று வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் சமையலறை வாசலில் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே, "அம்மா நிம்மதியா இருக்காங்கப்பா, ஆண்டவர்கிட்ட இருக்காங்க" என்றாய். நான், "அம்மா எங்கேயும் இல்லை, சும்மா இரு" என்றேன். நீ பதில் பேசவில்லை. கையிலிருந்த டம்ளரையே மறுபடி மறுபடி கழுவினாய். சோப்பு எப்போதோ போய்விட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

என் கருத்து மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. செத்தபின் ஒன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று நீ என்னிடம் வாதம் பண்ண வரவில்லை. அழ முடியாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பெண், அப்பாவுக்கு ஒரு ஆறுதல் சொன்னாள். அதற்குப் போய் நான் மறுப்பு சொன்னேன். மன்னித்துக்கொள் அம்மா.

உன் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. மனதில் வைத்திருந்தால் புளித்துப்போகும், சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை மூடிக்கொண்டே, "உங்களுக்குத்தான் எந்த நம்பிக்கையும் இல்லையே, எப்படிப்பா தனியா தாங்கப் போறீங்க?" என்று கேட்டாய். பாசமாகத்தான் கேட்டாய், தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் காதில் கிடக்கிறது. கடவுளை நம்பாதவனுக்குத் துக்கத்தைத் தாங்க ஒரு பிடிமானமும் கிடையாது என்று நீயே முடிவு கட்டிவிட்டதுபோல் இருந்தது.

இப்படி அடிபட்டவன் நான் மட்டும் இல்லை. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக ஊரையே எதிர்த்துப் பேசிய விஞ்ஞானி ஹக்ஸ்லி தெரியுமல்லவா? 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த பையன் செங்காய்ச்சலில் (ஸ்கார்லெட் ஃபீவர்) இறந்துபோனான். நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை. சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் ஆறுதல் சொல்லி அவருக்கு எழுதினார். அந்த மாதமே ஹக்ஸ்லி நீளமாக ஒரு பதில் போட்டார். அதில் ஒரு இடம் என்னை உட்கார வைத்துவிட்டது. மகனின் சவப்பெட்டிக்குப் பின்னால் அவர் நிற்கிறார். மனதில் எந்த வாதமும் இல்லை. அடக்க ஆராதனை நடத்தும் குருவானவர் தன் கடமைக்கு, மரித்தோர் உயிர்த்தெழாவிட்டால் புசிப்போம், குடிப்போம், நாளைக்குச் சாகப்போகிறோம் என்ற பவுலின் வசனத்தைப் படிக்கிறார். அது தன்னை எவ்வளவு பாதித்தது என்று சொல்லி முடியாது என்கிறார் ஹக்ஸ்லி. மறுமை இல்லை என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தவன் தின்று குடித்துக் கும்மாளம் போடப் போய்விடுவானா?

பெட்டியை மூடிக்கொண்டு நீ கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், சமையலறை வாசலில் நான் உனக்குச் செய்ததும் அதேதான். அந்தக் குருவானவராவது கடமைக்குப் படித்தார். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆத்துமா அழியாதது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, நம்புவதற்குக் காரணம் தெரியவில்லை, பொய் என்று நிரூபிக்க வழியும் இல்லை என்கிறார் ஹக்ஸ்லி. ஒன்பது வருடம் கழித்து, 1869இல், இந்த நிலைக்கு அவரே ஒரு பெயர் வைத்தார். அதைத்தான் நாம் இன்று அறியொணாவாதம் என்கிறோம். மகனைப் புதைத்த கை ஈரம் காயாத நேரத்தில் அந்த மனிதரால் இவ்வளவு நிதானமாக எழுத முடிந்தது. நான், "எனக்கு அப்படித் தெரியவில்லை அம்மா" என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். "எங்கேயும் இல்லை" என்றது எனக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் இந்த 'நம்பிக்கை' என்ற சொல். நம் சண்டையில் பாதி இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. தமிழில் இந்த ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை பார். கடவுள் இருக்கிறார் என்று நினைப்பதும் நம்பிக்கை, நாளைக்குப் பொழுது நன்றாக விடியும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை, ஒரு ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதும் நம்பிக்கை. எனக்கு முதலாவது இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் மற்றவர்களுக்கு இருக்கிற அளவு எனக்கும் இருக்கிறது. ஆனால் "அவருக்கு நம்பிக்கை இல்லை" என்று யாராவது சொன்னால், மூன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் போலக் காதில் விழுகிறது.

உன் சொல்லான 'விசுவாச'த்துக்கும் இதே கதிதான். எங்களைப் போன்றவர்களுக்கு விசுவாசம் என்றால் நாய்க்கு எஜமானிடம் இருப்பது. அதனால் நீ உன்னை 'விசுவாசி' என்று சொல்லும்போதெல்லாம், யோசிக்காமல் பின்னால் போகிறவள் என்று எனக்குள் ஒரு மொழிபெயர்ப்பு தானாக நடந்துவிடும். ஒருநாள் நீ விளக்கினாய். "அது ஒரு விஷயம் உண்மைனு ஒத்துக்கிறது மட்டும் இல்லப்பா, ஒரு ஆளை நம்புற மாதிரி" என்றாய். அந்த ஆள் இருக்கிறாரா என்பதுதானே கேள்வி என்று உடனே மடக்கினேன். கேள்வி சரிதான். ஆனால் நீ பாதிதான் சொல்லியிருந்தாய். மீதி என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாதத்தை அடியோடு விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்கும் உனக்கும் பிடித்த விளையாட்டு. நல்ல வாதம் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு உதாரணம் உண்டு. 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் கடவுளை நம்பாத தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கொப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைத் துறவியும் கடவுளைப் பற்றிப் பேசினார்கள். உலகத்தில் ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது, அப்படியானால் மொத்தமும் எதைச் சார்ந்து நிற்கிறது என்று துறவி கேட்கிறார். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு, அதனால் மனித குலம் மொத்தத்துக்கும் ஒரு தாய் இருக்க வேண்டுமா என்று ரஸ்ஸல் திருப்புகிறார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். சதுரங்கப் பலகை முன்னால் உட்காரவே மாட்டேன் என்கிறவரைத் தோற்கடிக்க முடியாதுதான் என்கிறார் கொப்பிள்ஸ்டன். எவ்வளவு நாசூக்கான குத்து!

ரஸ்ஸல் என் ஆள். இருந்தாலும் ஒரு இடத்தில் அவர் சறுக்கினார் என்பதை உன்னிடம் நான் ஒப்புக்கொண்டதே இல்லை. நல்லது கெட்டதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நீலத்தையும் மஞ்சளையும் பிரிப்பதுபோல என்கிறார். அது கண்ணால் பிரிப்பது, இதை எதைக் கொண்டு பிரிக்கிறீர்கள் என்றால், என் உணர்வைக் கொண்டு என்கிறார். அப்படியானால் நாஜி வதைமுகாமின் தளபதி? அவனுக்கும் அவன் உணர்வு சரி என்றுதானே பட்டிருக்கும்? ரஸ்ஸலின் பதில் எனக்குப் போதவில்லை. (கடவுளைக் கொண்டுவந்தாலும் இது தீராது என்பது வேறு விஷயம். கடவுள் சொன்னதால் அது நல்லதா, நல்லது என்பதால் கடவுள் சொன்னாரா? பிளேட்டோ காலத்துக் கேள்வி. இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

நீயும் ஒருமுறை இப்படி ஒப்புக்கொண்டாய். அம்மாவுக்கு வலி தாங்காத அந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, "உன் ஆண்டவர் எதுக்கு இதை அனுமதிக்கிறார்?" என்று கேட்டேன். மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரம் என்ற பதிலைச் சொல்வாய் என்று எதிர்பார்த்து, அதற்கு மறுப்பையும் தயாராக வைத்திருந்தேன். உடம்புக்குள் ஒரு உயிரணு கட்டுமீறிப் பெருகுவது யாருடைய சுதந்திரம் என்று கேட்கலாம் என்று. நீ, "தெரியலப்பா" என்றாய். அன்று ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

சரி, இனி எப்படிப் பேசுவது? உன் வேதாகமத்தின் 14ஆம் சங்கீதம் முதல் வரியிலேயே என்னைத் திட்டுகிறது. தேவன் இல்லை என்று சொல்கிறவன் மதிகேடன். போதாதென்று 53ஆம் சங்கீதத்தில் மறுபடியும். என் பங்குக்கு, நீ ஞானஸ்நானம் எடுத்தபோது "யாரோ உன்னை மூளைச்சலவை பண்ணியிருக்காங்க" என்றேன். அதுவும் மதிகேடிதான், நாகரிகமாகச் சொன்னால். இந்தப் பட்டங்கள் நிலையாக ஒரு பக்கமே நின்றதும் இல்லை. ரோமர் காலத்தில் ஊர்த் தெய்வங்களைக் கும்பிடாத கிறிஸ்தவர்களைத்தான் நாத்திகர்கள் என்றார்கள். அந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை ஆமாம், நாங்கள் நாத்திகர்கள்தான் என்று 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் பேரரசனுக்கே எழுதினார்.

அந்த மதிகேடனுக்கும் ஒரு வக்கீல் கிடைத்தார் என்பது உனக்குத் தெரியுமா? 11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற துறவி, இதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாது என்ற எண்ணத்திலிருந்தே கடவுள் இருக்கிறார் என்று காட்டப் பார்த்தார். கௌனிலோ என்ற இன்னொரு துறவி, மதிகேடன் சார்பில் என்று சொல்லிக்கொண்டே மறுப்பு எழுதினார். எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த ஒரு தீவை நான் நினைக்கிறேன், அதனால் அது கடலில் எங்கோ இருந்தாக வேண்டுமா என்று கேட்டார். ஆன்செல்ம் கோபப்படவில்லை. என் புத்தகத்தைப் படியெடுக்கும்போது இந்த மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எடுங்கள் என்று சொல்லிவிட்டார். கௌனிலோவும் விசுவாசிதான், அதை மறந்துவிடாதே. எதிராளி பேச வேண்டியதை அவனுக்காக ஒரு விசுவாசி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். உனக்காக நான் அப்படி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. கிழித்த கடிதத்தில் உன் வாயில் நான் வைத்த வாதங்களை நீ படித்திருந்தால் சிரித்திருப்பாய்.

அடுத்த முறை வரும்போது சாப்பாட்டுக்கு முன் நீ கண்ணை மூடினால், நான் கரண்டியை வைத்துச் சத்தம் போட மாட்டேன். எனக்காக நீ ஜெபம் பண்ணுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பண்ணிவிட்டு வந்து என்னிடம் சொல்லிக்காட்டாதே, அது போதும்.

அம்மாவின் கட்டில் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன வேதாகமம் அங்கேயேதான் இருக்கிறது. தூசி தட்டி, அதில் யோபுவின் புத்தகத்தை மட்டும் படித்தேன், நான்கு ராத்திரியில். எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்க சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போகிறது. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வருவது தனக்காகப் பரிந்து பேசிய அந்தச் சிநேகிதர்கள் மேல். மல்லுக்கு நின்ற யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போன பத்துப் பிள்ளைகளுக்குப் பிறகு வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்களாம். ஆடு மாடு திரும்பி வரும். பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகுமா? அந்த இடத்தில் நீ என்ன நினைத்துக்கொண்டு படிப்பாய்? போதகர் சொல்வது வேண்டாம், உனக்குத் தோன்றுவதைச் சொல். இடையில் மடக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடு. மாத்திரை போட்டுவிட்டேன், அதைக் கேட்க வேண்டாம்.

அப்பா