என் மகளுக்கு வாரம் தவறாமல் ஊசி கிடைக்க வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

பொருள்: பரம்பரை ரத்தக்குழாய் அழற்சி நோய்க்கு எட்டனர்செப்ட் ஊசி கேட்டு.

வணக்கம். நான் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். என் மகளுக்கு ஏழு வயது. சின்னதிலிருந்தே அடிக்கடி காய்ச்சல் வரும், கால் தோலில் வலைக்கண் மாதிரி நீலமும் சிவப்புமாகக் கோடு ஓடும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவளின் வலது கை அப்படியே தொங்கிவிட்டது, வாயும் கோணிக்கொண்டது. பக்கவாதம்.

முதலில் பார்த்த இடத்தில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் புதுச்சேரியில் ஒரு டாக்டர் காலைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஏடிஏ2 என்ற நொதியின் குறைபாடு என்று வந்தது. 2014-இல்தான் இந்த நோயையே கண்டுபிடித்தார்களாம். ரத்தத்தில் அந்த நொதி இல்லாததால் ரத்தக்குழாய்ச் சுவர் புண்ணாகி, மூளைக்குள் அடைப்பும் வரலாம், கசிவும் வரலாம். அதனால் அந்த மாத்திரையே ஆபத்து என்று நிறுத்திவிட்டார்.

மருந்து இருக்கிறது, ஐயா. மூட்டுவாதக்காரர்களுக்குப் போடும் எட்டனர்செப்ட் ஊசிதான், இந்தியாவிலேயே தயாராகிறது. அதை விடாமல் போட்டால் மறுபடி பக்கவாதம் வருவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் வாராவாரம் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது, வருமானம் இல்லாமல் இரண்டு வாரம் ஊசி தவறிவிட்டது. அந்த இரண்டு வாரமும் ராத்திரி எழுந்து, தூங்குகிறவள் உள்ளங்கையில் என் விரலை வைத்து, மூடிப் பிடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த ஊசியைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலேயே, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ தங்கள் விருப்ப நிதியிலோ, தொடர்ந்து கிடைக்கச் செய்யுங்கள். இன்னொன்று. என் மனைவி என் அக்கா மகள். இருவரிடமும் இருக்கும் பழுதான மரபணு இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நோய், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். நாலு வயது மகனுக்கு இன்னும் பரிசோதனை செய்யவில்லை, அதற்கும் உத்தரவிடுங்கள். காய்ச்சலும் காலில் வலைக்கோடும் உள்ள பிள்ளைக்குப் பக்கவாதம் வந்தால் இந்த நோயையும் யோசிக்கச் சொல்லி மாவட்ட டாக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், இன்னொரு வீட்டுக்கு எங்கள் அலைச்சல் வராது.

மருத்துவ அறிக்கை, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை நகல்களை இணைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இன்னும் இரண்டு ஊசிதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தகப்பன்