பிஆர்பி போடுறதுக்கு முன்னாடி காலைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்த ரத்தத்துலருந்து எடுக்குற பிளேட்லெட்டை வச்சு ஆறாத புண்ணை ஆத்துறதைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முடிக்கிறப்ப பிஆர்பி (பிளேட்லெட் நிறைஞ்ச பிளாஸ்மா) போட்டா புண்ணு மூடிரும்ங்கிற மாதிரி விட்டுட்டீங்க. டிரெஸ்ஸிங் ரூம்லயே காலம் தள்ளுறவ நான், அதான் எழுதுறேன்.

விஷயம் உண்மைதான். ரத்தத்தை டியூப்ல எடுத்து மெஷின்ல சுத்தவிட்டா சிவப்பணு அடியில படிஞ்சிரும், மேல மஞ்சளா பிளாஸ்மா, நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, பிளேட்லெட் அதுலயும் அதை ஒட்டியும்தான் நிறைய இருக்கும், புது சதை வளரத் தூண்டிவிடுற சமாச்சாரமெல்லாம் பிளேட்லெட்டுக்குள்ள இருக்கு. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன்ல சுகர் பேஷன்ட்டுங்க கால் புண்ணுக்கு இப்படி ரத்தத்துலருந்து செஞ்ச பேட்சை வாரா வாரம் வச்சுப் பார்த்தாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு. 20 வாரத்துல பேட்ச் வச்சவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு ஆறுச்சு, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 22 சதவீதம். அதுவும் முதல் 4 வாரத்துல சாதாரண கவனிப்புலயே பாதியா சுருங்கின புண்ணையெல்லாம் கழிச்சிட்டு, அடம்புடிக்கிற புண்ல மட்டும் பார்த்த கணக்கு, அதனால லேசா எடுத்துக்க முடியாது. ஆனா பேட்ச் வச்சும் மூணுல ரெண்டு பேருக்கு அந்த 20 வாரத்துல ஆறலயே, அதை மட்டும் ஏன் யாருமே சொல்றதில்ல?

எங்ககிட்ட வர்றவங்க பாதத்தைத் திருப்பிப் பார்த்தா சுத்தி காய்ப்பு கட்டி, ஓரமெல்லாம் வெள்ளையா ஊறிப்போய், அந்தப் புண்ணு மேலயே மிதிச்சு நடந்து வந்து "பிஆர்பி போட்டுக்கலாமா சிஸ்டர்"னு கேப்பாங்க. காய்ப்பைச் சீவணும், செத்த சதையை எடுக்கணும், அந்த இடத்துல பாரம் விழாம செருப்போ மாவுக்கட்டோ போடணும், காலுக்கு ரத்தம் ஒழுங்கா போகுதான்னு டாப்ளர் பார்க்கணும், எலும்பு வரைக்கும் இன்ஃபெக்ஷன் போயிருக்கான்னும் பார்க்கணும். இதுல ஒண்ணை விட்டாலும் மேல எதைத் தடவினாலும் வேஸ்ட்டுதான் (காசு வேற போகும்).

இன்னொண்ணு, கால் ரத்தக் குழாய் (வெரிகோஸ் வெயின்) சுருட்டிக்கிட்டு கணுக்கால் கிட்ட வர்ற புண்ணையும் சுகர் புண்ணையும் ஒண்ணா சேர்த்து எழுதிட்டீங்க. அந்தக் கணுக்கால் புண்ணுக்கு முதல்ல அழுத்திக் கட்டுற பேண்டேஜ்தான், பிஆர்பி அதுல எந்தளவுக்கு உதவும்னு இன்னும் தெளிவா நிரூபணம் ஆகல. அடுத்த இதழ்ல ஒரு சின்ன திருத்தம் போட்டா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
டிரெஸ்ஸிங் ரூம் நர்ஸ் ஒருத்தி